தம்பிக்கு லெஸ்டர்ல சீட் கிடைச்சிருக்கு, எங்க தங்க வைக்கிறது? போய் இருந்தவங்க சொல்லுங்க

தண்டையார்பேட்டை அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். தம்பிக்கு இங்கிலாந்துல லெஸ்டர் யுனிவர்சிட்டில ஒரு வருஷ எம்.எஸ்சி. சீட் வந்திருக்கு. செப்டம்பர் கடைசியில கிளாஸ் ஆரம்பம். எங்க வீட்ல வெளிநாடு போற முதல் ஆள் அவன்தான். அப்பா ஹார்பர்ல கன்டெய்னர் லாரி ஓட்டுறார். பீஸுக்கு லோன் பாஸ் ஆயிடுச்சு. தங்குற இடம்தான் இன்னும் முடிவாகல.

மூணு இடம் கையில இருக்கு. ஒண்ணு தனியார் ஸ்டூடண்ட் பில்டிங்ல ஸ்டுடியோ. அடுப்பு, பாத்ரூம் எல்லாம் ரூமுக்குள்ளயே. வாரம் 185 பவுண்டு, 51 வாரத்துக்குக் காண்ட்ராக்ட். ரெண்டாவது யுனிவர்சிட்டி ஹாஸ்டல். தனி ரூம், உள்ளயே பாத்ரூம், கிச்சன் மட்டும் ஆறு பேருக்குப் பொது. வாரம் 155, 44 வாரம். மூணாவது, வாட்ஸ்அப் குரூப்ல வந்தது. ஒரு வீட்ல ரூம், மாசம் 380, கரண்ட் கேஸ் எல்லாம் அதுலயே. முதல் மாச வாடகை 380, டெபாசிட் 380, ரெண்டும் இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள போட்டா ரூமைப் பிடிச்சு வைக்கிறேன்னு சொல்றார். போட்டோ நல்லாயிருக்கு. ஜன்னல்ல மரம் தெரியுது.

பவுண்டு 120 ரூபாய்னு வெச்சுக் கணக்குப் போட்டேன். ஸ்டுடியோ 9,435 பவுண்டு, அதாவது 11 லட்சத்து 32 ஆயிரம். ஹாஸ்டல் 6,820, நம்ம காசுல 8 லட்சத்து 18 ஆயிரம். வாட்ஸ்அப் ரூம் வருஷத்துக்கு 4,560, அது 5 லட்சத்து 47 ஆயிரம். அப்பா மூணாவதையே முடிச்சிடலாங்கிறார். அம்மாவுக்கு ஸ்டுடியோ, புள்ள யார்கிட்டயும் பேச்சு வாங்காம தனியா இருக்கட்டும்னு.

இப்ப இருக்குற வீட்டைப் பிடிக்க டூ லெட் போர்டு பார்த்துக்கிட்டு தெருத் தெருவா நடந்தோம். தண்ணி எத்தனை மணிக்கு வரும், மோட்டார் யார் போடணும், மாடியில துணி காயப் போடலாமான்னு எல்லாம் கேட்டுட்டுதான் அட்வான்ஸ் குடுத்தோம். அங்க எதைக் கேக்கணும்னே தெரியல. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கு.

ராயபுரம் டு பர்மிங்காம்:

அக்கா, வெள்ளிக்கிழமை அந்தப் பணத்தைப் போடாதீங்க. மத்ததை அப்புறம் பேசலாம்.

2023 ஆகஸ்ட்ல நான் இதே மாதிரி 400 பவுண்டு போட்டேன். போட்டோல வெள்ளைச் சுவர், நீலத் திரைச்சீலை, மேஜை மேல ஒரு செடி. முத்திரை குத்தின காண்ட்ராக்ட் கூட பி.டி.எப்.பா வந்துச்சு. ஏர்போர்ட்லேர்ந்து நேரா அந்த அட்ரஸுக்குப் போனேன். தெரு இருந்துச்சு. கதவு நம்பரும் இருந்துச்சு. கதவைத் திறந்தது ஒரு பஞ்சாபிப் பாட்டி. அவங்க சொந்த வீடு. வாடகைக்கு விட்டதே கிடையாது. பெட்டியைப் பார்த்ததுமே அவங்களுக்குப் புரிஞ்சுபோச்சு, அந்த வாரத்துல நான் மூணாவது பையனாம். உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சு டீ குடுத்தாங்க. அவங்க பேரன்தான் யுனிவர்சிட்டி தங்குமிட ஆபீசுக்குப் போன் போட்டுக் குடுத்தான். அன்னைக்கு ராத்திரி அம்மாகிட்ட ரூம் நல்லாயிருக்குன்னு சொன்னேன். அந்தக் காசு அம்மா சீட்டு எடுத்துக் குடுத்தது. இப்பவும் அவங்களுக்குத் தெரியாது.

அதனால சொல்றேன். அந்த ஆளை வீடியோ கால்ல வரச் சொல்லுங்க. தெருமுனையிலேர்ந்து போனைப் பிடிச்சுக்கிட்டு நடந்து வந்து, கதவு நம்பரைக் காட்டி, சாவி போட்டுத் திறந்து, ரூமுக்குள்ள போய்க் குழாயைத் திறக்கணும். ஜன்னல்ல தெரியுற மரத்தையும் காட்டணும். நிஜமாவே ரூம் வெச்சிருக்கிறவருக்கு இது அஞ்சு நிமிஷ வேலை. போட்டோவை கூகுள் லென்ஸ்ல போட்டுப் பாருங்க. வேற ஊர் வீட்டு விளம்பரத்துல அதே படம் வந்தா அதோட விட்டுடுங்க.

இன்னொண்ணு. நாம வீடு வாங்குறப்ப வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம்ல? அங்க லேண்ட் ரெஜிஸ்ட்ரி வெப்சைட்ல 7 பவுண்டு கட்டினா அந்த அட்ரஸ் யார் பேர்ல இருக்குன்னு யார் வேணாலும் எடுத்துப் பார்க்கலாம். வாடகை கேக்கிறவர் பேரும் அதுல இருக்குற பேரும் வேற வேறயா இருந்தா, ஏன்னு அவர்தான் சொல்லணும்.

பழைய வண்ணை அப்பா:

அம்மா, என் மகள் லீட்ஸில் படித்து முடித்தாள். துறைமுகத்தில் கணக்கு எழுதிய பழக்கத்தில் ஒவ்வொரு தாளையும் நானே படித்துப் பார்த்தேன். அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நம் ஊரில் பத்து மாத அட்வான்ஸ் என்பது வழக்கம். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019-இல் நடைமுறைக்கு வந்தபோது தனியாக வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்று எழுதினார்கள். எம்.சி. ரோட்டுப் பக்கம் இன்றைக்கும் பத்து மாதம் கேட்கிறார்கள், நாமும் கொடுக்கிறோம். அதனால் ஒரு மாத டெபாசிட் என்றதும் நமக்கு மனம் இளகிவிடுகிறது, இவ்வளவு குறைவாகக் கேட்கிறாரே, நல்ல மனிதர்தான் என்று தோன்றிவிடுகிறது. இங்கிலாந்தில் ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கவே கூடாது. 2019-லிருந்து அதுதான் சட்டம். மாதம் 380 என்றால் ஐந்து வாரத்துக்கு 438 பவுண்டு வருகிறது. அவர் கேட்கும் டெபாசிட் தொகை சட்டத்துக்குள்தான் இருக்கிறது. அதை வைத்து அவரை நம்ப முடியாது, ஏமாற்றுகிறவனுக்கும் இந்தக் கணக்கு தெரியும்.

கேட்க வேண்டியது வேறு. வீட்டுக்காரர் எதிலும் பதிவு செய்யாமல் டெபாசிட்டைத் தன் பையில் போட்டுக்கொள்ள அங்கே அனுமதி கிடையாது. அரசு ஒப்புதல் பெற்ற மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஏதாவது ஒன்றில் 30 நாளுக்குள் பதிவு செய்து, எந்தத் திட்டம் என்பதைக் குடியிருப்பவருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். காலி செய்யும்போது சுவரில் ஆணி அடித்தாய், கறை பட்டது என்று பிடித்தம் செய்தால், அந்தத் திட்டத்திடமே முறையிடலாம். என் மகளுக்கு ஒரு வீட்டுக்காரர் 120 பவுண்டு பிடிக்கப் பார்த்தார். வீட்டுக்குள் போன முதல் நாளே அவள் ஒவ்வொரு சுவரையும், மெத்தையையும், அடுப்பின் உட்புறத்தையும் போட்டோ எடுத்து மின்னஞ்சலில் அனுப்பியிருந்தாள். முழுப் பணமும் திரும்பி வந்தது. தம்பியும் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் இதைச் செய்யட்டும்.

விசாவுக்குக் காட்ட வேண்டிய பணத்தையும் மறந்துவிடாதீர்கள். 2025 நவம்பரிலிருந்து லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்கு, மொத்தம் 10,539. சொந்தச் சேமிப்பு என்றால் 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும். இடையில் ரூமுக்கென்று எடுத்து அந்தத் தொகைக்குக் கீழே இறங்கிவிட்டால் விசாவே சிக்கலாகிவிடும்.

தண்டையார்பேட்டை அக்கா:

ரொம்ப நன்றி சார். ராயபுரம் தம்பி, உங்க கதையைப் படிச்சு அப்பாகிட்ட சத்தமா வாசிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் அவரே "அந்த ஆளை வீடியோல வரச் சொல்லு"ன்னார். மெசேஜ் போட்டுட்டோம்.

வியாசர்பாடி:

நான் வேற பக்கத்துலேர்ந்து சொல்றேன். எல்லாரும் பயமுறுத்தி கடைசியில யுனிவர்சிட்டி ஹாஸ்டலுக்கே தள்ளிடுவீங்க. லோன் வாங்கிப் போறவனுக்கு அது பெரிய காசு.

நான் நாட்டிங்காம்ல படிச்சேன். நாங்க நாலு பேரு, ஒரே வீடு. ஆளுக்கு வாரம் 90 பவுண்டு, எல்லாம் சேர்த்து. ஹாஸ்டலோட ஒப்பிட்டா வருஷத்துக்கு மூணு லட்சத்துக்கு மேல மிச்சம். அந்தக் காசுலதான் தங்கச்சிக்குக் காலேஜ் பீஸ் கட்டினேன். ஒருத்தன் வாரத்துக்கு ஒரு நாள் மொத்தமா சாம்பார் வைப்பான், நான் கோழி. உடம்பு சரியில்லாதப்ப கஞ்சி வெச்சுக் குடுக்க ஆள் இருந்துச்சு. ஸ்டுடியோல தனியா கிடக்கிற பையனுக்கு ஜனவரில அந்த ஊர் எப்படி இருக்கும்னு அம்மாவுக்குச் சொல்லுங்க. நாலு மணிக்கே இருட்டிடும். பேச்சுத் துணையே கிடையாது. எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன் ரெண்டு மாசம் கிளாஸுக்கே போகல, யாருக்கும் தெரியல. ஸ்டுடியோவை அடியோட விட்டுடுங்க.

ஆனா நான் இங்கேர்ந்தே புக் பண்ணல. சீனியர் ஒருத்தர் வீட்ல பத்து நாள் இருந்து, நடந்து போய் அஞ்சு வீடு பார்த்துட்டுதான் கையெழுத்துப் போட்டேன்.

எண்ணூர் சிஸ்டர்:

நான் இங்கிலாந்துல ஆஸ்பத்திரில நர்ஸா இருக்கேன், நாலு வருஷமா. வியாசர்பாடி தம்பி சொல்றதுல பாதி சரி. ஆனா செப்டம்பர் கடைசியில வந்து வீடு தேடினா, மத்தவங்க வேணாம்னு விட்டதுதான் மிச்சம் இருக்கும். எனக்கு வந்தது அப்படி ஒரு ரூம்தான்.

வீட்டோட பின்பக்கம், வடக்குப் பார்த்த சுவர். பார்க்கப் போனப்ப அப்பதான் வெள்ளையடிச்சு வெச்சிருந்தாங்க. நவம்பர்ல கட்டிலை நகர்த்திப் பார்க்கிறேன், சுவர்ல தரையிலேர்ந்து முழங்கால் உயரத்துக்குக் கறுப்புக் கறுப்பா புள்ளி. தொட்டா ஈரம். அந்தப் பக்கம் மாட்டியிருந்த ஸ்வெட்டர் முதுகெல்லாம் பூசணம். வெளிய குளிர், உள்ள நாம விடுற மூச்சு, குளிச்ச ஆவி, ரூமுக்குள்ள காயப் போட்ட துணி, எல்லா ஈரமும் போய்க் குளிர்ந்த சுவர்லதான் தண்ணியா படியும். நம்ம ஊர்ல மழைக்காலத்துல வர்றது மாதிரிதான், ஆனா அங்க ஆறு மாசம் விடாது. எனக்கு இருமல் வந்து இன்ஹேலர் வரைக்கும் போச்சு. வீட்டுக்காரர் "ஜன்னலைத் திறந்து வெச்சுக்கோ"ன்னார். திறந்தா ஹீட்டர் காசு எகிறும்.

அக்கா, நம்ம பக்கம் வீடு பார்க்கப் போனா முதல் கேள்வி தண்ணி. அங்க முதல் கேள்வி ஹீட்டிங். எத்தனை மணி நேரம் ஓடும், யார் கையில கன்ட்ரோல், யார் பில் கட்டுறது? "எல்லாம் சேர்த்து"ன்னு சொன்னா அதுக்கு உச்ச அளவு இருக்கான்னு கேளுங்க. பல வீட்ல மாசத்துக்கு இவ்வளவு வரைக்கும்தான்னு காண்ட்ராக்ட்ல சின்ன எழுத்துல இருக்கும், மேல போனா பங்கு போட்டு வசூலிப்பாங்க. ப்ரீபெய்டு மீட்டரா இருந்தா போன் ரீசார்ஜ் மாதிரி கடையில போய்ப் போட்டுட்டு வரணும். காசு தீர்ந்தா குளிர்லதான் இருக்கணும்.

வீடியோல காட்டுறப்ப குழாயோட, கட்டிலுக்குப் பின்னாடிச் சுவரையும் ஜன்னல் ஓரத்து ரப்பரையும் காட்டச் சொல்லுங்க. புதுசா ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் அடிச்சிருந்தா ஏன்னு கேளுங்க.

வியாசர்பாடி:

சிஸ்டர், நீங்க சொல்ற பூசணம் எங்க வீட்டுப் பாத்ரூம்லயும் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா ஒரு ரூம்ல ஒரு ஆள், தனித்தனிக் காண்ட்ராக்ட்னா வீட்டைப் பகிர்ந்துக்கிறதுல தப்பில்ல.

பழைய வண்ணை அப்பா:

தம்பி சொன்ன "தனித்தனிக் காண்ட்ராக்ட்" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான்கு பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டால் முழு வாடகைக்கும் நால்வரும் பொறுப்பு. ஒருவன் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய் வாடகையை நிறுத்தினால், மற்ற மூவரிடமும் அதைக் கேட்பார்கள். ஜாமீன் கையெழுத்துப் போட்டவரையும் விடமாட்டார்கள். நண்பனுக்கு நண்பன் என்று நம் பிள்ளைகள் யோசிக்காமல் போட்டுவிடுகிறார்கள்.

ஜாமீன் என்றதும் நினைவு வருகிறது. பல வீட்டுக்காரர்கள் இங்கிலாந்தில் வசிக்கிற ஒருவர் ஜாமீன் தர வேண்டும் என்பார்கள். நமக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? முன்பெல்லாம் அதற்குப் பதிலாக ஆறு மாத வாடகையை மொத்தமாக வாங்கிக்கொள்வார்கள். 2026 மே 1 முதல் புதுச் சட்டம்: தனியார் வீடுகளுக்கு ஒரு மாத வாடகைக்கு மேல் முன்கூட்டி வாங்கக் கூடாது, குடியிருப்பவர் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்துக் காலி செய்யலாம். யுனிவர்சிட்டி ஹாஸ்டலுக்கு இது பொருந்தாது, பெரிய தனியார் மாணவர் கட்டடங்களிலும் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தாது. அங்கே கையெழுத்துப் போட்டால் முழுக் காலத்துக்கும் கட்ட வேண்டியதுதான். ஆகவே ஸ்டுடியோவின் 51 வாரத்தை 51 வாரக் கடன் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்பி வருமா என்ற வரி காண்ட்ராக்டில் இருக்கிறதா, அதற்கு எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பதையும் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து.

ராயபுரம் டு பர்மிங்காம்:

வீடு பகிர்றதுல இன்னொரு விஷயம். அஞ்சு பேரோ அதுக்கு மேலயோ, ஒரே குடும்பமா இல்லாம ஒரு வீட்ல இருந்து கிச்சன், பாத்ரூமைப் பகிர்ந்துக்கிட்டா, அந்த வீட்டுக்கு கவுன்சில் (நம்ம மாநகராட்சி மாதிரி) லைசென்ஸ் வேணும். லைசென்ஸ் வாங்கின வீடுகளோட பட்டியலை கவுன்சில்ல பார்க்கலாம். அந்த மாதிரி வீட்ல ஒரு ஆள் தூங்குற ரூம் 6.51 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது, ரெண்டு பேர்னா 10.22. நம்ம கணக்குல 70 சதுர அடி, 110 சதுர அடி. "ரூம் ஷேரிங் 200 பவுண்டு"ன்னு குரூப்ல வர்றதுல பாதி இதுக்குள்ள அடங்காது. ஹால்ல பலகை அடிச்சு ரெண்டா பிரிச்சு விட்டிருப்பாங்க. தீப்பிடிச்சா வெளிய வர வழி இருக்காது, பொருளை எல்லாம் எடுத்துக்கிட்டு நாளைக்கே காலி பண்ணுன்னு சொன்னாலும் பையன் யார்கிட்டயும் போய் நிக்க மாட்டான். எங்க வீட்லயும் பத்துக்குப் பத்து ரூம்ல நாலு பேர் படுத்தோம், அது வேற. அது நம்ம வீடு, கதவைத் திறந்தா நம்ம தெரு.

கவுன்சில் வரி பத்தியும் கேட்டு வெச்சுக்கோங்க. வீட்ல எல்லாருமே முழுநேர மாணவர்னா வரி கிடையாது. வேலைக்குப் போறவர் ஒருத்தர் கூட இருந்தா அந்த வீட்டுக்கு பில் வரும். அதை யார் கட்டுறதுன்னு முன்னாடியே பேசிடணும்.

பெரம்பூர் 11:

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எனக்கு ஜெர்மனி, டிரெஸ்டன்ல சீட். அக்டோபர்ல போகணும். அங்க யாராவது இருக்கீங்களா?

மண்ணடி டு ஜெர்மனி:

தம்பி, இருக்கேன். அட்மிஷன் லெட்டர் கைக்கு வந்த அன்னைக்கே ஸ்டூடண்டன்வெர்க் ஹாஸ்டலுக்கு அப்ளை பண்ணியிருக்கணும். இன்னும் பண்ணலன்னா இதைப் படிச்சு முடிச்சதும் பண்ணு. யுனிவர்சிட்டி அதைத் தானா செய்யாது, அது தனி அமைப்பு. க்யூல எந்த நாள் நின்னோம்ங்கிறதுதான் கணக்கு.

வெளிய தேடுறப்ப வாடகை ரெண்டு விதமா வரும். கால்ட்மீட்ட, வார்ம்மீட்ட. முதல்ல சொன்னது வெறும் வாடகை, ரெண்டாவது தண்ணி, ஹீட்டிங், குப்பை மாதிரி செலவெல்லாம் சேர்த்தது. கரண்டும் இன்டர்நெட்டும் அதுலயும் பெரும்பாலும் சேராது. இது போக ரேடியோ, டிவி கட்டணம்னு வீட்டுக்கு மாசம் 18.36 யூரோ. டிவி இல்லன்னாலும் கட்டணும், ஒரே வீட்ல இருக்கிறவங்க பங்கு போட்டுக்கலாம். டெபாசிட் கால்ட்மீட்ட மாதிரி மூணு மடங்கு வரைக்கும் கேக்கலாம், அதை மூணு மாசத் தவணையா கட்ட உனக்கு உரிமை இருக்கு. விசாவுக்காக வருஷத்துக்கு 11,904 யூரோ பிளாக்டு அக்கவுண்ட்ல, அதாவது மாசாமாசம் கொஞ்சமா மட்டும் எடுக்க முடியுற கணக்குல, போட்டாலும் மாசம் 992தான் கைக்கு வரும். முதல் மாசம் வாடகையும் டெபாசிட்டும் சேர்ந்து வரும்போது அது பத்தாது. தனியா கொஞ்சம் எடுத்து வை.

ரொம்ப முக்கியமானது ஆன்மெல்டுங். குடி போன ரெண்டு வாரத்துக்குள்ள டவுன் ஆபீஸ்ல அட்ரஸைப் பதியணும். அதுக்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட உறுதிக் கடிதம் வேணும். விசா நீட்டிப்பு, பேங்க், எல்லாம் அந்தப் பதிவை வெச்சுதான். "ரூம் தரேன், ஆனா ஆன்மெல்டுங் பண்ணாதே"ன்னு சொன்னா அந்த ரூம் சும்மா குடுத்தாலும் வேணாம். ஏமாத்துறவங்க அங்க சொல்ற கதை ஒண்ணே ஒண்ணுதான்: "நான் வெளியூர்ல இருக்கேன், பணம் போடு, சாவியைத் தபால்ல அனுப்புறேன்."

வீடு காலியா கிடைச்சா உள்ள போய்ப் பார்க்காம சந்தோஷப்படாதே. சில வீட்ல கிச்சனே இருக்காது. அடுப்பு இல்ல, சிங்க் இல்ல, சுவர்ல குழாய் மட்டும் நீட்டிக்கிட்டு இருக்கும். முன்னாடி இருந்தவர் கழட்டிக்கிட்டுப் போயிருப்பார். என் நண்பனுக்கு அப்படித்தான் அமைஞ்சது. ரெண்டு மாசம் பாத்ரூம்ல அரிசி கழுவினான்.

பெரம்பூர் 11:

ரொம்ப நன்றி பாய். அப்ளிகேஷன் இப்பவே போட்டுட்டேன்.

கொருக்குப்பேட்டை:

கனடா போறவங்க யாராவது இதைப் படிச்சா ஒரே ஒரு விஷயம். ஒன்டாரியோல சேத டெபாசிட்னு வாங்கவே கூடாது. கடைசி மாச வாடகையை மட்டும் முன்கூட்டி வாங்கலாம், சாவிக்குத் திரும்பக் குடுக்கிற டெபாசிட் வாங்கலாம், அவ்வளவுதான். பிராம்ப்டன்ல பேஸ்மென்ட்டுக்கு எங்க அண்ணன்கிட்ட மூணு மாசம் கேட்டாங்க. சட்டத்தைச் சொன்னதும் விட்டுட்டாங்க.

தண்டையார்பேட்டை அக்கா:

ஒரு வாரமா எழுத முடியல. நடந்ததைச் சொல்லிடுறேன்.

வாட்ஸ்அப் ஆள் முதல்ல, வேலையில இருக்கேன், நாளைக்கு வீடியோ பண்றேன்னார். மறுநாள் கேமரா ரிப்பேர்னார். வியாழக்கிழமை ராத்திரி, "வேற மூணு பேர் ரெடியா இருக்காங்க, உங்களுக்காகத்தான் வெச்சிருக்கேன்"னு அனுப்பினார். தம்பி, "எந்த டெபாசிட் ஸ்கீம்ல போடுவீங்க?"ன்னு கேட்டான். அதோட நம்பரை பிளாக் பண்ணிட்டார். அப்பா போனைக் கையில வெச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தார். 760 பவுண்டு, 91 ஆயிரம் ரூபாய். பேங்க்ல எடுத்து பீரோல வெச்சிருந்தார்.

அப்புறம் ஹாஸ்டல் பத்தி யுனிவர்சிட்டிக்கு மெயில் போட்டோம். இங்க யாரும் சொல்லாத ஒண்ணு அப்பதான் எனக்கு உறைச்சுது. 44 வாரம்னா ஜூலை கடைசியில முடிஞ்சிடுது. தம்பிக்கு தீசிஸ் செப்டம்பர் வரைக்கும் இருக்கு. அந்த ஏழு வாரம் எங்க போவான்? அதையும் கேட்டோம். வாரக் கணக்குல நீட்டிக்கலாம், அதே வாடகை, ஆனா ரூம் மாறலாம்னு பதில் வந்துச்சு. 51 வாரமும் சேர்த்தா 7,905 பவுண்டு, 9 லட்சத்து 49 ஆயிரம். ஸ்டுடியோவை விட ஒரு லட்சத்து 83 ஆயிரம் கம்மி. விசா கிடைக்கலன்னா பணம் திரும்ப வரும்னு மெயில்லயே எழுதி வாங்கிட்டோம்.

வியாசர்பாடி தம்பி சொன்ன வீட்டையும் பார்த்தோம். ஒரு சீனியர் மூலமா பெல்கிரேவ் ரோட்டுப் பக்கம் வாரம் 95-க்கு ஒரு ரூம், வீடியோல எல்லாம் காட்டினாங்க, நல்ல பிள்ளைங்க. நம்ம சவுகார்பேட்டை மாதிரி குஜராத்திக் கடைங்க நிறைஞ்ச இடமாம். ஆனா யுனிவர்சிட்டி ஊரோட மறுபக்கம். பஸ் ஒரு தடவைக்கு 3 பவுண்டு வரைக்கும், வாரத்துல நாலு நாள் போய் வந்தா 24. கிளாஸ் இருக்குற 25 வாரத்துக்கு 600 பவுண்டு. பாஸ் எடுத்தா குறையும்னு சொன்னாங்க. அப்படிப் பார்த்தாலும் ஹாஸ்டலை விட வருஷத்துக்கு ரெண்டு லட்சத்துக்கு மேல மிச்சம்தான். அப்பா ரொம்ப நேரம் யோசிச்சார். வீட்ல அஞ்சு பேர், லைசென்ஸ் பட்டியல்ல அந்த அட்ரஸ் இல்ல. அதுலதான் அப்பா பின்வாங்கினார்.

வியாசர்பாடி:

லைசென்ஸ் இல்லன்னா நானும் வேணாம்னுதான் சொல்வேன் அக்கா. ஹாஸ்டலே எடுங்க. தம்பியை என் நம்பருக்கு மெசேஜ் போடச் சொல்லுங்க. ஜனவரில ஒரு நாள் நாட்டிங்காம்லேர்ந்து வந்து பார்த்துட்டுப் போறேன், ட்ரெயின்ல பக்கம்தான்.

தண்டையார்பேட்டை அக்கா:

அம்மாகிட்ட சொன்னேன் தம்பி. ஸ்டுடியோ வேணாம்னு அவங்க ஒத்துக்கிட்டதே அதுக்கப்புறம்தான்.

நேத்து ஹாஸ்டலுக்கு முதல் தவணை கட்டியாச்சு. இப்ப அம்மாவுக்கு ஒரு கேள்வி. சின்ன ரைஸ் குக்கர் வாங்கி வெச்சிருக்காங்க, எடுத்துட்டுப் போகலாமா?

எண்ணூர் சிஸ்டர்:

அங்கயும் நம்ம 230 வோல்ட்தான், குக்கர் ஓடும். பிளக் மட்டும் மாறும், மூணு பட்டைக் கம்பி. அடாப்டர் ரெண்டா வாங்கிக் குடுங்க. ஆனா ரூம்ல வைக்க விடமாட்டாங்க, கிச்சன்ல வைக்கலாமான்னு ஹாஸ்டல் விதியில பார்த்துடுங்க. தாளிக்கிறப்ப கிச்சன் கதவைச் சாத்தி, மேல இருக்குற ஃபேனைப் போட்டுட்டுத் தாளிக்கச் சொல்லுங்க. புகை வெளிய வந்தா அலாரம் அடிச்சு மொத்தக் கட்டடமும் கீழ இறங்கி நிக்கணும். அலாரத்தைத் துணி போட்டு மூடவே கூடாது, அதுக்கு அபராதம் போடுவாங்க.

ரூமுக்குள்ள போனதும் கட்டிலை நகர்த்திச் சுவரைப் பார்த்துட்டு, போட்டோ எடுத்துட்டு, அப்புறம் பெட்டியைத் திறக்கட்டும்.